பன்னிரண்டு மூச்சு

தொண்டையைக் காணவில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வரை இருந்தது. நர்ஸ் வாயைத் திறக்கச் சொல்லி, வாழைப்பழ மணமும் வேப்பெண்ணெய்க் கசப்புமாக ஏதோ மருந்தை மூன்று தடவை உள்ளே பீய்ச்சினாள். "துப்பிராதீங்கம்மா, அப்படியே முழுங்குங்க." பிரகாசியம்மாள் முழுங்கினாள். அவ்வளவுதான், நாற்பத்தெட்டு வருஷமாகச் சோறும் கஞ்சியும் கடல் தண்ணியும் இறங்கிய வழி இருந்த இடம் தெரியாமல் மரத்துப்போய்விட்டது. எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். விழுங்கினோமா, விழுங்கினதாக நினைத்துக்கொண்டோமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அட கடவுளே, சொந்த உடம்பிலிருந்து ஒரு சாமானை இப்படிக் கண்ணெதிரே எடுத்து ஒளித்துவைக்க முடியுமா. கேட்டால் சிரிப்பார்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள் நர்ஸ், படுத்தாள். ஓட்டை வைத்த பிளாஸ்டிக் வளையம் ஒன்றைக் கொடுத்துப் பல்லால் கடிக்கச் சொன்னாள், கடித்தாள். இனிமேல் பேச்சு கிடையாது. துணி காயப்போடும் க்ளிப் மாதிரி ஒன்றை எடுத்து அவள் ஆள்காட்டி விரலில் மாட்டினாள். அது தெரிந்த சாமான்தான், கொரோனா வருஷத்தில் ஊருக்குள் வீடு வீடாக வந்து மாட்டிப் பார்த்தார்கள். பக்கத்துப் பெட்டியில் தொண்ணூற்றெட்டு என்று பச்சை எழுத்து எரிந்தது. "ரத்தத்துல இருக்கிற ஆக்சிஜன்மா இது. நூறுக்குப் பக்கத்துல நின்னா நல்லது. உங்களுக்குத்தான் மயக்க ஊசியே இல்லையே, அதெல்லாம் எறங்காது." இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்க வாய் இல்லை. பிரகாசி தலையை ஆட்டிவைத்தாள்.

மயக்க ஊசியைப் போட்டுக்கொள்ளத்தான் வினோ படித்துப் படித்துச் சொன்னாள். வினோலியா வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். பிரகாசியின் செத்துப்போன நாத்தனார் ஜெசிந்தாவின் மகள். ஒன்பது வயதில் தாய் போனதும் பிரகாசிதான் இழுத்துவந்து தன் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்த்தாள். இப்போது இருபத்துமூன்று வயது, துணிக்கடையில் வேலை. ஆறு மாதமாக அத்தைக்கு வயிறு எரிகிறது, வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்றதும் லீவு போட்டுவிட்டு, வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க, கையைப் பிடித்து இழுக்காத குறையாக ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தவள் அவள்தான். "அத்தை, ஊசி போட்டுக்கங்களேன். தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்குமாம்." "போடி. நாளையிலேருந்து பாசித் தண்ணி. மயக்கம் போட்டா ஒரு நாளு முழுக்க கடல் பக்கமே போகக்கூடாதாம்." அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், அந்தப் பன்னிரண்டு நாளில்தான் தீவுப்பக்கம் தண்ணி தெளிந்து பாறையில் விலைக்குப் போகிற கடல்பாசி தெரியும், ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் மூழ்குவார்கள். ஒரு நாளை விட்டால் விட்டதுதான். சின்ன வயசு டாக்டர், அவரும் சரி என்றார். "மயக்கம் இல்லாமலே பண்ணலாம்மா. மூச்சுக்கு ஆபத்து அதுல கம்மிதான்." எல்லாருக்கும் திருப்தி. பாசிக்காகத்தான் என்று வினோவிடம் சொன்னது பாதி நெசம். மீதியை யாரிடம் சொல்ல. தனக்கே தெரியாமல் தான் இல்லாமல் போகும் அந்த நேரம் இருக்கிறதே, அதுதான் பிரகாசிக்குப் பயம். கண் திறந்திருக்க, முகம் அமைதியாக இருக்க, உள்ளே ஆள் இல்லாமல் போவது. அதை அவள் ஒரு தடவை மிகக் கிட்டத்தில் பார்த்திருக்கிறாள். வேண்டாம், இப்போது அது வேண்டாம், என்று மனசை அதட்டினாள். மனசு கேட்டதாகத் தெரியவில்லை.

பதினாலு வருஷம். அன்றைக்கும் தண்ணி தெளிவுதான். மூன்று பாகம் ஆழம், ஆள்மேல் ஆள் மூன்று பேர் நிற்கலாம். ஜெசிந்தா கீழே பாறையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இருந்தாள். நீச்சல் கண்ணாடிக்குள் கண் திறந்திருந்தது. பிரகாசி மேலே வா என்று கையால் சைகை காட்டினாள். அவள் வரவில்லை. கை கால் அடிக்கவில்லை, தத்தளிக்கவில்லை, சிரிக்கிற மாதிரி இருந்தாள். இன்னும் ஒரு பிடி பாசிக்கு ஆசைப்படுகிறாள் என்று நினைத்துப் பிரகாசி மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இறங்கினாள். இறங்கியபோதும் அதே முகம். அப்புறம்தான் இழுத்தாள், கத்தினாள், எல்லாம். கரையில் எஸ்.ஐ. கேட்டார்: "தத்தளிச்சாளா?" "இல்லய்யா. தவிக்கவே இல்ல. பாறையப் புடிச்சிக்கிட்டு சும்மா இருந்தா." கண்ணால் கண்டதைச் சொன்னாள், வேறென்ன சொல்வாள். ஆனால் ஜெசிந்தாவின் புருஷன் அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் கேரளாப் பக்கம் இன்னொருத்தியோடு போயிருந்தான். ஊருக்கு அது போதாதா. தவிக்கவே இல்லையாம் என்பது சும்மா இருந்தாளாம் ஆகி, வேணும்னே இருந்தாளாம் ஆகி, பெத்த புள்ளையை நினைக்காமல் போனாளே பாவி என்று கோயில் வாசலில் முடிந்தது. பிரகாசியும் அதை மறுக்கவில்லை. மறுக்க என்ன இருந்தது அவளிடம்? அவளும் அப்படித்தான் நம்பினாள். பன்னிரண்டு வயதில் வினோ ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடி, "அத்தை, அம்மா வேணும்னேதான் போனாங்களா?" என்று கேட்டபோது, "சாப்புடும்போது என்னா பேச்சு இது" என்று மீனை எடுத்துத் தட்டில் வைத்தாள். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை கேட்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுதிரி எடுத்துக்கொண்டு போகும், இவள் மட்டும் வீட்டில் இருப்பாள். எனக்கு அங்க யாரும் இல்ல என்பாள்.

"பயப்படாம நல்லா மூச்ச இழுத்து விடுங்கம்மா, இழுத்து விடுங்க" என்றாள் நர்ஸ். நல்ல பேச்சு. மூச்சு இழுப்பதைப் பிரகாசிக்கு ஒருத்தி சொல்லித்தர வேண்டுமா. இழுத்தாள். விலா எலும்பு விரிய, அடிவயிறு மேலே ஏற, ஒன்று. முழுசாக விட்டு, இரண்டு. ஊரில் இந்த வித்தைக்கே அவள் பெயர்தான். கல்யாணமாகி வந்த புதுசில் மற்ற பெண்கள் நாற்பது எண்ணுவதற்குள் நெஞ்சு முட்டி மேலே வந்துவிடுவார்கள். இவள்தான் கண்டுபிடித்தாள், மூழ்குவதற்கு முன்னால் பன்னிரண்டு பெருமூச்சு, வேகமாக, ஆழமாக, தலை லேசாகக் கிறுகிறுக்கும் வரை இழுத்து விட்டால் உள்ளே தவிப்பு வருவதே இல்லை. எண்பது எண்ணலாம், நூறு எண்ணலாம், மெதுவாகப் பார்த்துப் பார்த்து நல்ல பாசியாகப் பிடுங்கலாம். ஒன்பது, பத்து. டாக்டர் கையில் சுண்டுவிரல் தடிமனுக்குக் கறுப்பாக நீளமாக ஒரு குழாய், நுனியில் விளக்கு. பதினொன்று. விரல் நுனி சுருசுருவென்றது, தலை லேசானது. பன்னிரண்டு. குழாய் வளையத்துக்குள் நுழைந்தது, நாக்கைத் தாண்டியது, காணாமல் போன தொண்டை இருந்த இடத்தில் எதையோ பலமாகத் தள்ளியது. அவ்வளவு நேரம் காணாமல் போயிருந்தது திடீரென்று இருப்பதைக் காட்டிக்கொண்ட மாதிரி ஒரு அதிர்ச்சி. கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்புறம் அடங்கியது.

"பாருங்க டாக்டர், ஒரு ஓங்கரிப்பு இல்ல, ஒரு அசைவு இல்ல" என்றாள் நர்ஸ். "முன்னால வந்த அண்ணன் என்னா ஆட்டம் ஆடுனாரு. இவங்கதான் பேஷன்ட்டு." அந்த அண்ணன் ஓங்கரித்த சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டு, உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் முகம் வெளுத்தது பிரகாசிக்கு ஞாபகம் வந்தது. பெருமையாகத்தான் இருந்தது. வயிற்றுக்குள் காற்றடித்தார்கள், குடம் மாதிரி உப்பியது. எங்கோ குழாயில் தண்ணீர் குளுகுளுவென்று உறிஞ்சும் சத்தம். காதுக்குள் அதே சத்தம்தான் கேட்கும், கீழே, பாறைக்குப் பக்கத்தில். பெட்டியில் பச்சை எழுத்து தொண்ணூற்றேழு. தொண்ணூற்றாறு. டாக்டர் ஒரு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஈரமாகச் சிவப்பாக ஒரு குகை. அதுதான் தன் வயிறாம். அதில் போய் யார் குடியிருப்பார்கள். தொண்ணூற்றிரண்டு. நாளைக்கு விடியும் முன்னே எழுந்து கஞ்சி வைத்துவிட வேண்டும். விரலில் சுற்றத் துணி கிழித்து வைக்கவில்லை, பாறையும் முள்ளும் கையைக் கிழித்துவிடும், புருஷன் கஸ்பாரின் பழைய கைலி ஒன்று இருக்கிறது, அந்த மனுஷன் அதையும் தேடுவார். எண்பத்தெட்டு. பெட்டி டிங் டிங் என்றது. "என்னம்மா இது, கை இப்படிக் காய்ச்சுப் போயிருக்கு. டாக்டர், இவங்க விரல்ல க்ளிப் சரியாப் புடிக்க மாட்டேங்குது." நர்ஸ் அதைக் கழற்றி நடுவிரலில் மாட்டினாள். பாவம், அந்தப் பெட்டிக்கும் இந்தக் கை பிடிக்கவில்லை. எண்பத்தொன்று. நல்ல எண்தான். பாசி நாளில் அவள் வழக்கமாக எண்ணி முடிக்கிற இடம். இன்னும் கொஞ்சம் இருக்கலாம், அவசரமில்லை, உடம்பில் எங்கேயும் பாரம் இல்லை, உளுந்து ஊறப்போட வேண்டும், வினோவுக்கு இட்லி என்றால் உயிர், உளுந்து, ஒரு ஆழாக்கு உளுந்து, பச்சை எழுத்து மங்கிக்கொண்டே தூரப் போயிற்று, போகட்டும்.

"மூச்சு விடும்மா! ஏம்மா! மூச்ச விடு!" யாரோ கன்னத்தில் அறைந்தார்கள். யாரை? இன்னொரு அறை. முதலில் வலித்தது கன்னம், அப்புறம் நெஞ்சு, யாரோ விரல் முட்டியால் நெஞ்செலும்பைத் தேய்த்தார்கள். சட்டென்று கதவு உடைந்த மாதிரி காற்று உள்ளே வந்தது. இருமினாள், கத்தினாள், கையை வீசினாள், நர்ஸின் கண்ணாடி கீழே விழுந்தது. குழாய் வாயில் இல்லை. மூக்கும் வாயும் மூடி ஒரு முகமூடி, அதில் சில்லென்ற காற்று. கட்டிலைச் சுற்றி நாலு பேர். ஒரு நொடிக்கு முன்னால் இரண்டு பேர்தானே இருந்தார்கள், மற்ற இருவர் எப்போது வந்தார்கள்? கதவு எப்போது திறந்தது? டாக்டரின் முகம் வேர்த்து வழிந்தது. "எவ்வளவு?" என்றார். "அறுபத்தெட்டு வரைக்கும் போச்சு டாக்டர்" என்றாள் நர்ஸ். "க்ளிப்புதான்னு நெனச்சிட்டேன்." "க்ளிப் இல்ல. உதட்டப் பாத்தீங்களா, நீலமா இருந்துச்சு." நாலு பேரும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். அது எழுபத்தொன்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு என்று ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் குனிந்தார். "ஏம்மா மூச்ச அடக்குனீங்க?" "நானா?" முகமூடிக்குள் அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "நான் அடக்கலையே." "ரெண்டு நிமிஷத்துக்கு மேல நெஞ்சு ஏறி எறங்கவே இல்லம்மா. அமைதியா இருக்கீங்கன்னு நானும் விட்டுட்டேன், எம்மேலயும் தப்புதான். என்ன வேல பாக்குறீங்க?" "பாசி எடுக்கேன் சார். கடல்ல முங்கி." டாக்டர் நிமிர்ந்து நர்ஸைப் பார்த்தார், மறுபடி இவளைப் பார்த்தார். "முங்குறதுக்கு முன்னால என்ன செய்வீங்க?" பிரகாசி சொன்னாள், பன்னிரண்டு மூச்சு. சொல்லும்போதே ஏனோ வாய் குழறியது. "எனக்குத் தவிப்பே இல்லையே சார். நல்லாத்தான இருந்தேன்." "அதாம்மா ஆபத்து" என்றார் அவர். "அப்படிப் பெருமூச்சா இழுத்துத் தள்ளுனா, தவிக்க வைக்கிற வாயு வெளிய போயிரும். ஆக்சிஜன் பாட்டுக்கு எறங்கிக்கிட்டே இருக்கும், உடம்பு ஒங்களுக்குச் சொல்லாது. சொகமா இருக்கும். நேரா மயக்கம்தான். இங்கங்கிறதால எழுப்பிட்டோம். தண்ணிக்குள்ளன்னா சிரிச்ச மொகத்தோட போய்ச் சேந்துருப்பீங்க."

சிரிச்ச முகத்தோடு. டாக்டர் தெரிந்தா சொன்னார்? சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னார், சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார். பிரகாசி கூரையில் மின்விசிறியைப் பார்த்துக் கிடந்தாள். தவிக்கவே இல்ல. பாறையப் புடிச்சிக்கிட்டு சும்மா இருந்தா. ஐயோ, சும்மா இருக்கவில்லையடி நீ. என்னை மாதிரி உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தாய். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தைக் கணக்குப் பார்த்திருப்பாய், புருஷன் போன எரிச்சலில் அவனை நாலு வார்த்தை திட்டிக்கொண்டிருப்பாய், சாவைத் தவிர எல்லாம் இருந்திருக்கும் உன் தலைக்குள். நான் கையைக் காட்டினேன், வா என்று. அப்போதே நீ இல்லை. இல்லாத முகத்தைப் பார்த்துவிட்டு, அதுதான் உன் மனசு என்று எஸ்.ஐ.யிடம் சொன்னேனே. பதினாலு வருஷம் உன் மேல் கோபப்பட்டேனே, ஒவ்வொரு திருநாளும் உன் கல்லறைக்குத் திரி ஏற்றும்போதுகூட, ஏன்டி பிள்ளையை விட்டுப் போனாய் என்று திட்டிக்கொண்டே ஏற்றினேனே. நினைப்பு அங்கே போய் முட்டியது, திரும்பியது, மறுபடி முட்டியது. பன்னிரண்டு. இல்லை, அதைத் தொடாதே. ஆனால் தொட்டாகிவிட்டது. ஜெசிந்தா அந்த மாதம் வரைக்கும் மற்றவர்கள் மாதிரி நாற்பது எண்ணுகிறவள்தான். "மதினி, நீங்க மட்டும் எப்படி அவ்வளவு நேரம் கெடக்கீங்க? எனக்கும் சொல்லித் தாங்களேன்" என்று வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். தனியாகப் பிள்ளையை வளர்க்க வேண்டும், நிறையப் பாசி வேண்டும். பிரகாசி சொல்லித் தந்தாள். பக்கத்தில் நின்று எண்ணினாள்கூட. ஒன்பது, பத்து, அப்படித்தான், இன்னும் நல்லா இழு. அது முதல் நாள். மூன்றாம் நாள் அவளைக் கரையில் கிடத்தியிருந்தார்கள்.

குழாயை மறுபடியும் விட்டுப் பார்த்தார்கள். இந்தத் தடவை மூக்கில் ஆக்சிஜன், நெஞ்சின் மேல் நர்ஸின் கை, காதோரம் அவள் குரல்: "விடுங்க, இழுங்க, மெதுவா, விடுங்க." உடம்பு அடைத்துக்கொள்ளப் பார்த்தது. பிரகாசி ஒவ்வொரு மூச்சையும் வலுக்கட்டாயமாகத் தள்ள வேண்டியிருந்தது. ஓங்கரித்தாள், எச்சில் வடித்தாள், முன்னால் வந்த அண்ணனைவிட மோசமாக ஆட்டம் போட்டாள். வெட்கமெல்லாம் படவில்லை. சின்னப் புண்தான், மாத்திரையில் ஆறிவிடும் என்றார் டாக்டர். புற்றாக இருக்குமோ என்று ஆறு மாதமாகப் பயந்தவளுக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததாகவே இல்லை. இரண்டு வாரத்துக்குத் தண்ணியில் இறங்கவே கூடாது என்றார். அதற்கும் தலையாட்டினாள்.

வராந்தாவுக்கு நர்ஸ் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். வினோ ஓடிவந்தாள். "என்ன அத்தை, உள்ள ஒரே களேபரமா கெடந்துச்சு? ரெண்டு பேரு ஓடுனாங்க. என்னயும் விட மாட்டேனுட்டாங்க. என்னாச்சு?" தொண்டை இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. அப்புறம் சொல்கிறேன் என்று கையைக் காட்டலாம். பஸ்ஸில் சொல்லலாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம், திருநாள் வரட்டும் என்று தள்ளலாம். பதினாலு வருஷம் இப்படித்தான் ஓடியது. "வினோ" என்றாள், குரல் கரகரத்தது. "ஒங்கம்மா சாகணும்னு எறங்கல." வினோவின் முகம் அப்படியே நின்றது. "இப்ப எதுக்கு அது? ஒங்களுக்கு என்னாச்சுன்னு சொல்லுங்க." "அதத்தான்டி சொல்றேன். எனக்கு உள்ள மூச்சு நின்னு போச்சு. எனக்கே தெரியல. வலி இல்ல, தவிப்பு இல்ல, உளுந்து ஊறப்போடணும்னு நெனச்சிக்கிட்டே போய்ட்டேன். அறைஞ்சு எழுப்புனாங்க. ஒங்கம்மாவும் அப்படித்தான் கெடந்தா, நான் பாத்தேன். மேல வந்து ஒனக்கு என்னா பொங்கிப் போடலாம்னுதான் இருந்திருப்பா. அவளுக்கே தெரிஞ்சிருக்காது. நாந்தான் முட்டாள் சிறுக்கி, அவ சும்மா இருந்தான்னு ஊருக்குச் சொன்னேன்." வினோ நாற்காலியில் உட்கார்ந்தாள். அத்தையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கேள்வியாகக்கூட இல்லாமல், "அப்ப அம்மா என்னய விட்டுட்டுப் போகல" என்றாள். "இல்ல புள்ள." அழுகை அப்போதுதான் வந்தது, இருபத்துமூன்று வயதுப் பெண் வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க ஒன்பது வயதுப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதாள்.

இதோடு நிறுத்தலாம். மீதி தெரிந்தவள் ஒருத்தி கல்லறையில் இருக்கிறாள், இன்னொருத்தி இந்த நாற்காலியில். இந்தப் பிள்ளை இப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு அழுது எத்தனை வருஷமாயிற்று. விட்டால் மறுபடி கிடைக்குமா. கையை இழுத்துக்கொள்ளாமலே பிரகாசி சொன்னாள். "இன்னும் இருக்கு வினோ. பன்னெண்டு மூச்சு இழுத்துட்டு முங்குனா தவிப்பு வராதுன்னு ஒங்கம்மாவுக்குச் சொல்லிக் குடுத்தது நாந்தான். அதுதான் அவளக் கொன்னுருக்கு. டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். மூணே நாளுல போய்ட்டா." மடியில் இருந்த கை ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு வினோவின் விரல்கள் மெல்ல விலகின. அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள், மூக்கை உறிஞ்சினாள், எதிர்ச் சுவரைப் பார்த்தாள். உள்ளேயிருந்து யாரோ ஒருவரின் பெயரைக் கூப்பிட்டார்கள், அவர் எழுந்து போனார். திட்டினால் தேவலை, ஒரு அறை விட்டால் இன்னும் தேவலை என்று பிரகாசி காத்திருந்தாள். வினோ திரும்பாமலேயே கேட்டாள்: "நாளைக்கு எத்தன பேரு தண்ணிக்குப் போறாங்க அத்தை?"

"நாப்பது பேரு இருக்கும்."

"அதுல எத்தன பேருக்கு இந்தப் பன்னெண்ட நீங்க சொல்லிக் குடுத்திருக்கீங்க?"

பிரகாசி வாயைத் திறந்தாள். சகாயம், அவள் தங்கை, மேலத்தெருவில் போன வருஷம் கல்யாணமாகி வந்தவள், அந்தோனியின் மருமகள்கள் மூன்று பேர். முகம் முகமாக வந்தது. எல்லா முகமும் சிரித்த முகமாகவே வந்தது. உள்ளே கட்டிலில் வராத தவிப்பு மொத்தமும் அப்போது வந்தது. "எல்லாருக்கும்" என்றாள்.

வினோ எழுந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அப்ப எந்திரிங்க. மூணரை வண்டியப் புடிச்சா பொழுது சாயிறதுக்குள்ள ஒவ்வொரு வீடா ஏறி எறங்கிரலாம்."